கேஷவ் கற்றுக்கொடுத்த சிரிப்பு

அம்மா இறந்த பிறகும் கேஷவ் சேலையூரில் அதே மாடி போர்ஷனில்தான் இருந்தான். வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூட கைடுகளுக்கு வீட்டிலிருந்தபடியே ப்ரூஃப் பார்க்கும் வேலை. புனேயில் இருக்கும் அக்கா ஸ்ம்ருதி ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, "மாத்திரை போட்டியா?" என்று கேட்பாள். "போட்டேன்" என்பான். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. மற்ற நாட்களில் அவன் வாய் திறப்பது பால் பாக்கெட் வாங்கும்போது மட்டும்தான்.

அவனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும்போது, யாரோ இரண்டு பேர் அவனைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வது கேட்க ஆரம்பித்தது. இப்போது தண்ணீர் குடிக்கிறான், இப்போது செருப்பைத் தேடுகிறான் என்று ஒன்றுவிடாமல் சொல்வார்கள். அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். மனச்சிதைவு என்றார் டாக்டர். பதினைந்து வருட மருந்தில் அந்தக் குரல்கள் பக்கத்து வீட்டு டிவி மாதிரி மங்கிவிட்டன. உடம்பு பெருத்தது. நாக்கு எந்நேரமும் வறண்டது. சினேகிதர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, சும்மா வராமல் இருந்துவிட்டார்கள்.

தாம்பரத்தில் அவன் மாதாமாதம் போகும் ஆஸ்பத்திரியில் கெசியா என்று ஒரு நர்ஸ். அவள்தான் ஒருநாள் கேட்டாள். "ஒரு சினிமாக்காரர் உங்களை மாதிரி யார்கிட்டயாவது பேசணும்கிறார். பேர் போடமாட்டாராம். இஷ்டமிருந்தா மட்டும் சொல்லுங்க."

கேஷவ் யோசிக்கவே இல்லை. "வரச் சொல்லுங்க" என்றான்.

வந்தவன் ஷ்யாம்சுந்தர். உதவி இயக்குநர், இருபத்தேழு வயது, மேடவாக்கத்தில் நண்பர்களோடு அறையெடுத்துத் தங்கியிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் பைக்கில் வருவான், வரும்போது சூடாக வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வருவான். கேஷவ் அன்று மத்தியானமே குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, இரண்டு தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னான். மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை படுத்தே கிடப்பது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவனிடம் பேசாமல், அவனைப் பற்றி அக்காவிடம் பேசுவது. ஷ்யாம் முதல் நாள் பக்கம் பக்கமாக எழுதினான். இரண்டாவது சனிக்கிழமை அரைப் பக்கம். மூன்றாவது சனிக்கிழமை பேனாவை மூடி வைத்துவிட்டான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. படுத்திருக்கிறதை எல்லாம் கேமராவுல எப்படிக் காட்டுறது? ஒண்ணுமே தெரியாதே! டைரக்டர் கேக்குறாரு, 'ஹீரோ என்னதான் செய்வான்?'னு."

"ஒண்ணும் செய்யறதில்ல ஷ்யாம். அதான் கஷ்டமே."

"சரி சார். ரொம்ப தேங்க்ஸ். தேவைப்பட்டா கூப்பிடறேன்." நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.

தேவைப்பட்டா கூப்பிடறேன் என்ற வார்த்தையைக் கேஷவ் வாழ்க்கையில் நிறையக் கேட்டிருக்கிறான். அப்படிச் சொன்னவர்கள் யாரும் கூப்பிட்டதில்லை. அடுத்த சனிக்கிழமை அந்த இரண்டு தம்ளர்களில் ஒன்று கவிழ்த்தபடியே இருக்கும் என்று தோன்றியது. சட்டென்று வாயில் வந்துவிட்டது:

"கண்ணாடி முன்னாடி நின்னு சிரிப்பேன்."

ஷ்யாம் திரும்பினான். "எப்படி சார்?"

கேஷவ் எழுந்து பீரோ கண்ணாடி முன்னால் நின்றான். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தான். விரலால் கண்ணாடியை மூன்று முறை தட்டினான். பிறகு மெல்ல ஆரம்பித்து மூச்சு முட்டும்வரை சிரித்தான். அப்படி அவன் ஆயுசில் சிரித்ததில்லை. நோயின் மோசமான நாட்களில்கூட இல்லை. சின்ன வயதில் பார்த்த ஏதேதோ படங்களில் பைத்தியங்கள் அப்படித்தான் சிரித்தார்கள். அங்கிருந்து எடுத்ததுதான் அத்தனையும்.

"சார்! இன்னொரு தடவை! போன்ல எடுத்துக்கறேன்."

அதற்கப்புறம் ஐந்து சனிக்கிழமைகள் ஷ்யாம் தவறாமல் வந்தான். கேஷவ் வாரம் முழுக்க யோசித்து வாரத்துக்கொன்றாகச் சொன்னான். கத்தியைத் தடவிப் பார்ப்பது, தூங்குகிறவர்களின் தலைமாட்டில் போய் நிற்பது. ஷ்யாம் போன பிறகு அவமானமாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை ஆனதும் மனசு பஜ்ஜி வாசனைக்கு ஏங்கத் தொடங்கிவிடும். படத்தின் கதையை எழுதி முடித்ததும் ஷ்யாமின் வரவு நின்றது.

அடுத்த வருடம் படம் வெளியானது. குரோம்பேட்டையில் காலைக் காட்சிக்குப் போய், பின்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தான் கேஷவ். 'உண்மையான நோயாளிகளைச் சந்தித்து உருவாக்கப்பட்டது' என்று தொடக்கத்திலேயே திரையில் போட்டார்கள். நாயகனுக்கு மனச்சிதைவு. கண்ணாடியைத் தட்டினான், கழுத்தைச் சாய்த்தான், சிரித்தான், பிறகு பெற்ற தாயை வெட்டினான். தியேட்டரில் விசில் பறந்தது. முன்வரிசையில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இடைவேளையில் கேஷவ் எழுந்து வந்துவிட்டான்.

வெளியே நின்று ஷ்யாமுக்குப் போன் போட்டான்.

"சார்! ஹிட்டு சார்! அந்தக் கண்ணாடி சீனுக்கு என்னா கிளாப்ஸ், பாத்தீங்களா?"

"அது பொய் ஷ்யாம். நான் அப்படியெல்லாம் செஞ்சதே இல்ல. நீங்க வரணும்னு சொன்னேன்."

"பரவால்ல சார்," என்றான் ஷ்யாம். "ஒர்க்அவுட் ஆயிடுச்சில்ல. ஷூட்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்."

பேசவில்லை.

படம் வந்து இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் பக்கத்தில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தாய் அங்காளம்மா, கோவளத்தில் மீன் விற்கிறவள். மகள் துர்காவுக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும். அவள் வகிடு கோணலாகப் போய்ப் பாதித் தலையில் முடிந்திருந்தது. கேஷவின் பார்வை அதன்மேல் போனதைத் தாய் கவனித்துவிட்டாள்.

"கண்ணாடியக் கழட்டி பக்கத்து வூட்ல குட்துட்டேன் சார். அதான் தல அப்படிக் கீது."

"ஏம்மா?"

"படம் ஒண்ணு வந்துகீதே, பாக்கல நீ? இவளுக்கும் அதே நோவுதானாம். அதுல பெத்தவளையே வெட்டிப்புடறான். அருவாமனைய ஒளிச்சு வச்சுட்டேன். மார்க்கெட்டு போறப்ப இவள உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போறேன். இன்னா சார் பண்றது, பயமாகீது."

துர்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேஷவ் யோசித்தான். பேசாமல் இருந்துவிடலாம். அவன் யாரென்று இங்கே யாருக்கும் தெரியாது.

"அந்தப் படத்துல வர்றதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது," என்றான். "எனக்கும் அதே நோய்தான், பதினாறு வருஷமா. கண்ணாடி, கத்தி, சிரிப்பு எல்லாமே பொய். நானா கற்பனை பண்ணிச் சொன்னேன்."

அங்காளம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடியும் நிதானமாகச் சொன்னான். விளங்கியதும் அவள் முகம் இறுகியது.

"பொய்யா? ஏன்யா சொன்ன?"

"பேச ஆளில்லம்மா. அந்தப் பையன் வந்துட்டே இருக்கணும்னு சொன்னேன்."

"உனக்குப் பேச ஆளில்லன்னு எம்பொண்ண ரெண்டு மாசமாப் பூட்டி வச்சுகினு இருந்தேனே!" அவள் குரல் உயர்ந்ததில் வரிசையே திரும்பிப் பார்த்தது. கேஷவ் தலை நிமிரவில்லை. அவள் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை.

அப்போதுதான் துர்கா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அண்ணா, உங்களுக்குக் கேக்குறது ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா?"

"ரெண்டு ஆம்பள. ஒருத்தருக்கு ஜலதோஷம் புடிச்ச குரல்."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "எனக்கு எங்க டீச்சர் குரல். திட்டிகினே இருக்கும். போவுமா?"

"முழுசாப் போகலாம், போகாமலும் இருக்கலாம். எனக்குச் சத்தம் குறைஞ்சிடுச்சு. நான் இதுவரைக்கும் யாரையும் அடிச்சதில்லம்மா. என்னைப் பார்த்துதான் நிறைய பேர் ஒதுங்கிப் போயிருக்காங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஆனால் பொய் சொல்வதற்கு இனி அவனிடம் தெம்பில்லை. அதற்குள் கெசியா துர்காவின் பெயரைக் கூப்பிட்டாள். அங்காளம்மா அவனைத் திரும்பிப் பார்க்காமல் மகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த மாதம் கேஷவ் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருந்தான். அவர்கள் வரவில்லை. கெசியாவிடம் கேட்டான்.

"அவங்களுக்கு வியாழக்கிழமை மாத்தியாச்சு. அந்தம்மாவே கேட்டு வாங்கிக்கிட்டாங்க."

"துர்கா எப்படி இருக்கா?"

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது சார்." கெசியா மாத்திரைக் கவரை நீட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கினாள். "போன வாரம் நான் கோவளம் போயிருந்தேன். மார்க்கெட்டுல பாத்தேன். பொண்ணு கடையில உக்காந்து அருவாமனையில வஞ்சிரம் நறுக்கிட்டிருந்தா. அம்மா பக்கத்துல வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

கேஷவ் வெளியே வந்தான். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தான். ஸ்ம்ருதி ஆபீசில் இருப்பாள். ஷ்யாமின் பெயரில் விரல் ஒரு நிமிடம் நின்றது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சேலையூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஒரு இடம் காலியாக இருந்தது. உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். மாத்திரைக் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வீடு போய்ச் சேரும்வரை யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.