செடி எப்படி இருக்கு?

என் வீட்டுக்காரர் ஞானதுரைக்கு வாய் இருக்கிறது, வேண்டிய நேரத்தில்தான் திறக்காது. மகன் ஜெபக்குமார் எங்களைக் கேட்காமல் பாண்டிசெல்வியைக் கட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனதிலிருந்து அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச்சே இல்லை. நடுவில் கிடந்து சாகிறவள் நான்.

போன வருடம் மகன், தான் வேலை பார்க்கிற பழத்தோட்டத்திலிருந்து இரண்டு புளூபெர்ரிச் செடிகளை ராஜபாளையம் பஸ்ஸில் போட்டுவிட்டான். கையோடு போனும் பண்ணினான். "அப்பா, அதுக்குப் புளிப்பு மண்ணுதான் ஆகும். போர்த்தண்ணி ஊத்தாதிய, மழைத்தண்ணிதான்."

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போன் வரும். செடி எப்படி இருக்கு, பூ வந்ததா, அம்புட்டுதான். ஆனாலும் பிள்ளை குரல் கேட்கிறதே! இவரோ டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீரை எனக்குக் காபி போடக்கூடத் தராமல் அந்தச் சனியன்களுக்கே ஊற்றினார். வாசலின் இருபுறமும் மணி மணியாக வெள்ளைப் பூ பூத்தபோது தெருவே நின்று பார்த்தது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

நவம்பரில் அவன் சொன்னான். "கிறிஸ்துமசுக்கு அவளையும் கூட்டிட்டு செடியப் பாக்க வாரோம்பா."

அப்புறம் இந்த மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பால்கோவாவுக்குச் சொல்லிவைத்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தார், செடி இருந்த தொட்டிகளுக்கும் அடித்தார். மிஞ்சிய சுண்ணாம்புத் தண்ணீரை, கரையான் வராது என்று தென்னைக்கு ஊற்றுவதுபோல இரண்டு செடியின் தூரிலும் ஊற்றிவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன், பாவி.

இலை மஞ்சளாகிக் கருகி உதிர்ந்தது.

போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"செடி எப்படிப்பா இருக்கு?"

"பட்டுப்போச்சுலே. சுண்ணாம்பு ஊத்திட்டேன்."

"ஐயோ, அதுக்குச் சுண்ணாம்பு ஆகாதேப்பா." பிறகு, "அப்ப, நாங்க..." என்று இழுத்தான்.

'வாலே' என்று கூப்பிட ஒரு சொல் போதும், ஒரே ஒரு சொல்! இவர் தொண்டையைச் செருமினார். நான் போனைப் பிடுங்குவதற்குள் அவன் வைத்துவிட்டான். திரும்ப நானே கூப்பிட்டேன். "அப்பா கூப்பிடட்டும்மா" என்றான்.

கிறிஸ்துமஸ் போனது. பால்கோவாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

நேற்று ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது அடிக்கவில்லை. நான் எதிரே போய் நின்றேன்.

"மனுசனா கல்லா நீங்க? நீங்களாத்தான் கூப்பிடுங்களேன்!"

வாசலில் நின்ற இரண்டு காய்ந்த குச்சிகளையும் பார்த்தார்.

"கூப்பிட்டு என்னத்தடி பேச?" என்றார்.