அடுப்புக்கு வந்த பதினோரு பேர்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்கால். தண்ணீர்த் தொட்டியின் மேல் படிந்த பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. நிக்காசியா கதவைத் திறந்தபோது முற்றத்தில் பதினோரு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள்.

ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

"யாரு?" என்றாள்.

"யாருமில்ல, கொமாத்ரே," என்றான் இலாரியோ. அவள் மகள் ரூஃபினாவுக்கு முதல் முடி இறக்கியவன் அவன். அந்த உறவில் அவள் அவனுக்குக் கொமாத்ரே, அவன் அவளுக்குக் கும்பாத்ரே. இந்த வருடம் சோக்கேபாட்டாவின் ஊர்த்தலைவனும் அவனே. "வேலைக்கு வந்திருக்கோம்."

"என்ன வேலைக்கு?"

"அத நீதான சொல்லணும்."

பதினோரு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்த வீட்டு தொமித்திலா மட்டும் கையை வாயில் வைத்து ஊதிக் குளிர் காய்ந்தபடி சிரித்தாள்.

"உன் விருந்தாளி நாளைக்குப் போறாரில்ல? அவர் செஞ்ச வேலையத் திருப்ப வந்திருக்கோம்," என்றாள்.

நிக்காசியா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

காசு கொடுத்துத் தங்க வரும் விருந்தாளிகளை ஊர் முறை வைத்துத்தான் வீட்டுக்கு வீடு அனுப்பும். ஒரு வீட்டின் முறை முடிந்தால் மறுபடி வர ஏறக்குறைய ஒரு வருடமாகும். இம்முறை நிக்காசியாவுக்கு வந்தவர் யாப். கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிற ஏதோ ஒரு தட்டை நாட்டுக்காரர். கடலுக்கு அணை போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆறரை அடி. மூன்று வாரத்தில் அவர் தலை அவள் வீட்டு வாசல் நிலையில் நாற்பது தடவையாவது இடித்திருக்கும்.

முன்பு வந்தவர்கள் இரண்டு இரவு தங்குவார்கள். மூன்றாம் நாள் மூச்சு வாங்குகிறது, தலை வலிக்கிறது என்று இறங்கிவிடுவார்கள். யாப் மூன்று வாரத்துக்கு வந்தார். நிதானமாக வாழ்ந்து பார்க்க வேண்டும் என்றார். அது நிக்காசியாவுக்குப் பிடித்திருந்தது. நிதானமானவர் வெயிலில் உட்கார்ந்து புத்தகம் படிப்பார், நாம் நம் பாட்டைப் பார்க்கலாம்.

மூன்று நாள் அப்படித்தான் போனது. நான்காம் நாள் அவர் மண்வெட்டி கேட்டார்.

"உக்காருங்க, டான் யாப். எங்க வீட்டுக் கிழங்கு தோண்டி முடிஞ்சிருச்சு."

அவர் உட்காரவில்லை. தொமித்திலாவின் வயலில் போய் நின்றார். மறுநாள் இலாரியோவின் வயல். அதற்கடுத்த நாள் ஓடைக்கு அந்தப்பக்கம். ஒவ்வொரு மாலையும் முழங்கால்வரை மண்ணோடு, பல்லெல்லாம் தெரிய வந்து நிற்பார். நிக்காசியா அவருடைய நீளக் காற்சட்டையைத் துவைத்துப் போடுவாள். விளையாடுகிறார், விளையாடட்டும். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

"அது விளையாட்டு, கும்பாத்ரே," என்றாள் இப்போது. "போன வருஷம் வந்த பொண்ணு ஒண்ணுகூடத்தான் உன் வயல்ல தோண்டுச்சு. அதத் திருப்பினியா?"

"அந்தப் பொண்ணு பத்து நிமிஷம் தோண்டுச்சு, இருபது போட்டோ எடுத்துச்சு. அது விளையாட்டு. இவரு விடியறப்ப வந்தாரு, எங்களோட கோகா இலை மென்னாரு, பொழுது சாஞ்சப்புறம்தான் நிமிர்ந்தாரு. ஒரு போட்டோ எடுக்கல. இது வேலை. வேலைன்னா ஐனி."

ஐனி என்று சொன்ன பிறகு பேச இடமில்லை. உன் வயலில் நான் ஒரு நாள், என் வயலில் நீ ஒரு நாள். அதைத் திருப்பாமல் வைத்திருக்கிறவனுக்கு இந்த ஊரில் முகம் கிடையாது. திருப்பாத நாள் கணவாயைத் தாண்டி வெளியூர் போய்விட்டால் அடுத்த வருடக் கிழங்கு உள்ளே கறுக்கும் என்பார்கள்.

"சரி, அவர்கிட்ட திருப்பு. என்கிட்ட எதுக்கு வர்ற?"

"அவருக்கு இங்க வயல் ஏது?"

"அதுக்கு நான் என்ன பண்றது? அவர் என் வீட்டு ஆளா?" நிக்காசியாவின் குரல் உயர்ந்தது. "விருந்தாளி! காசு குடுத்துத் தங்கற விருந்தாளி! என் வீட்டு ஆளே இல்ல!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் தொமித்திலா. "அவ வீட்டு ஆள் இல்லையாம்."

இலாரியோ தொப்பியைச் சரிசெய்தான். தலைவனாகப் பேசப்போகிறான் என்று பொருள்.

"உன் வீட்டு ஆள் இல்லதான். ஆனா அவர் சாப்பிடற அடுப்பு உன்னோடது. வேலை அடுப்புக்குத்தான் போகும்."

"அப்ப ஆகஸ்ட்ல வாங்க. ஆகஸ்ட்ல எனக்கு ஆள் வேணும்."

"ஆகஸ்ட்ல அவர் இருப்பாரா? திருப்பறத அவர் கண்ணால பாக்கணுமில்ல. ஆகஸ்ட் வேலை வேற, அது உனக்கு நாங்க தர வேண்டியது. இது அவருக்கு."

நிக்காசியாவின் கவலையெல்லாம் ஆகஸ்ட்தான்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ரூஃபினா நகரத்திலிருந்து வருகிறாள், ஆறு மாதக் குழந்தையோடு. அவளுடைய அறையில்தான் இப்போது யாப் படுத்திருக்கிறார். விருந்தாளி அறைக்குக் கண்ணாடி ஜன்னல் வேண்டும், பலகைத் தரை வேண்டும் என்று ஊர்க்கூட்டம் சொன்னபோது அந்த வீட்டில் அப்படி இருந்தது அந்த ஒரு அறைதான். விருந்தாளி இல்லாத நாளிலும் அதில் வீட்டு ஆள் படுக்கக் கூடாது என்பது கூட்டத்தின் கட்டுப்பாடு. மிச்சமிருப்பது அடுப்படி. "புகையில பிள்ளையப் போட முடியாதும்மா," என்று ரூஃபினா போனில் சொல்லிவிட்டாள். "அறை இருந்தாச் சொல்லு, வர்றேன். இல்லன்னா இவங்க அம்மா வீட்லயே இருந்துக்கறேன்."

அதனால் பிப்ரவரியிலிருந்து நிக்காசியா ஏழு வீட்டு வயலில் ஏழு நாள் குனிந்து நிமிர்ந்திருந்தாள். அந்த ஏழு பேரும் ஆகஸ்டில் வந்து சுவர் எழுப்புவார்கள். அவர்களுக்குப் போட பட்டியில் ஒரு கிடா, அடுப்படியில் பனியில் உறைய வைத்துக் காயவைத்த கிழங்கான சுன்யோ இரண்டு மூட்டை. கணவன் மெலேசியோ கீழே சாலை வேலையிலிருந்து அப்போதுதான் வருவான். எல்லாம் எண்ணி வைத்தது.

வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்ப முடியாது. போட்டால் ஆகஸ்டுக்கு ஒன்றுமில்லை. போடாவிட்டால் ஆகஸ்டில் ஒருவரும் வரமாட்டார்கள்.

"அப்படியே நிக்கறியே," என்றாள் தொமித்திலா. "ஐனிக்கு வந்தவங்களுக்குக் கோகா குடுக்கமாட்டியா?"

நிக்காசியா உள்ளே போய்க் கோகா பையை எடுத்து வந்து ஆளுக்கொரு பிடி கொடுத்தாள். தொமித்திலாவுக்குக் கொடுத்த பிடி சின்னது.

செங்கல் அறுக்கச் சொல்லலாம் என்றால் ஜூன் மாதப் பனியில் ஈரச் செங்கல் வெடித்துப்போகும். கூரைக்குப் புல் அறுக்கச் சொல்லலாம் என்றால் புல் இன்னும் முற்றவில்லை. கடைசியில் அடித்தளம்தான் இருந்தது. பள்ளம் தோண்டி, ஓடையிலிருந்து கல் சுமந்து போடலாம்.

"நாலு மீட்டர் நீளம், மூணு மீட்டர் அகலம்," என்றாள். "ஒரு கட்டில், ஒரு தொட்டில். அவ்வளவுதான்."

அப்போது வாசல் நிலையில் தலை இடிக்கும் சத்தம் கேட்டது. யாப் நெற்றியைத் தேய்த்தபடி வெளியே வந்தார். முற்றத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எல்லாரும்! எனக்காக வந்தது?"

"ஆமா, டான் யாப்," என்றான் இலாரியோ. "உங்களுக்காகத்தான்."

யாப்பின் கண் கலங்கியது. பையிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"டான் யாப், நீங்க உக்காருங்க," என்றாள் நிக்காசியா. அது அவர் காதில் விழவில்லை. மூன்று வாரமாக விழாத சொல் அது.

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். உதவிக்கு வா என்று தொமித்திலாவைக் கூப்பிட்டாள்.

"நான் ஐனிக்கு வந்திருக்கேன், மதினி. சமையலுக்கா வந்தேன்?"

கிடாயை நிக்காசியாவே அறுத்தாள். தோலையும் அவளே உரித்தாள். சுன்யோவை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மூன்று தடவை மாற்றினாள். அடுப்பு ஊத ஆளில்லை. யாப்பை வழியனுப்ப வைத்திருந்த ஒரு பானை சிச்சாச் சோளக் கள்ளைக் கேட்டு ஒன்பது மணிக்கே ஆள் வந்தது. "டான் யாப்புக்குத் தாகம்" என்று சொன்னவனுடைய மீசையில் காலையில் குடித்த கஞ்சி காய்ந்திருந்தது. பத்து மணிக்குப் பானை காலியாகத் திரும்பி வந்தது. வெளியே சிரிப்பும், கல் விழும் சத்தமும். எட்டிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

நடுப்பகலில் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் சட்டியை இறக்காமல் நின்றாள்.

அடித்தளம் வீட்டு மூலையில் தொடங்கி, ஆட்டுப் பட்டி வரை போயிருந்தது.

"இது என்ன?"

"பத்து மணிக்கே முடிஞ்சிருச்சு, கொமாத்ரே," என்றான் இலாரியோ. "நாலுக்கு மூணு எங்களுக்குப் பத்துமா? பதினோரு பேரு. பொழுது சாயறவரைக்கும் சும்மா உக்காந்தா அது ஒரு நாள் ஆகுமா? கல்லு மிச்சம் இருந்துச்சு. நீட்டினோம்."

"எவ்வளவு நீட்டினீங்க?"

"எட்டு மீட்டர்," என்றார் யாப். நூலைத் தட்டிக் காட்டினார். அது ஆடி நின்றது. "மிக நேர். ரெண்டு அறை. ஒண்ணு ரூஃபினா. ஒண்ணு விருந்தாளி."

நிக்காசியா சட்டியைக் கீழே வைத்தாள். அறுநூறு செங்கல் என்று கணக்குப் போட்டிருந்தாள். இனி ஆயிரத்துக்கு மேல். ஏழு பேர் ஆளுக்கு ஒரு நாள் வந்து இந்தச் சுவரை எழுப்ப முடியாது. சுவர் இல்லாமல் கூரை இல்லை. கூரை இல்லாமல் ரூஃபினா இல்லை.

"பாதியப் பிடுங்குங்க," என்றாள்.

யாரும் அசையவில்லை.

"பிடுங்குங்கன்னு சொல்றேன். இது என் வீடு."

"நாலு மூலையிலயும் கோகா வெச்சு, லாமாக் கொழுப்பு வெச்சு மூடியாச்சு," என்றான் இலாரியோ மெதுவாக. "பூமிக்குக் குடுத்தத எப்படிப் பிடுங்கறது?"

"என்னைக் கேக்காம எதுக்குடா வெச்ச?"

"நீ சமைச்சிட்டிருந்த."

தொமித்திலா அகப்பையை எடுத்துக் குழம்பைக் கலக்கிப் பார்த்தாள்.

"கிடா கொஞ்சம் வயசானதோ?"

நிக்காசியா அகப்பையைப் பிடுங்கினாள். பிறகு எல்லாருக்கும் ஊற்றினாள். இரண்டாம் தடவையும் ஊற்றினாள். பதினோரு பேரும் யாப்பும் சாப்பிட்டு முடித்தபோது சட்டியில் எலும்பு மட்டும் கிடந்தது. ஒரு மூட்டை சுன்யோ தீர்ந்து, அடுத்த மூட்டையின் வாயும் அவிழ்ந்திருந்தது. யாப் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாக எழுந்து மண்வெட்டியை எடுத்தார்.

ஐந்தரைக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போனது. குளிர் உடனே இறங்கியது. பதினோரு பேரும் மண்வெட்டியை ஓடைத் தண்ணீரில் கழுவி, வரிசையாக வந்து யாப்பின் முன் நின்றார்கள். ஒவ்வொருவரும் தொப்பியைக் கழற்றி, "திருப்பியாச்சு, டான் யாப்," என்றார்கள். யாப் ஒவ்வொரு கையாகப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று நிக்காசியா நினைத்தாள். போகட்டும். நாளைக் காலை எட்டு மணிக்கு லாரி. இந்த மனிதரும் அவருடைய நிதானமும் மலை இறங்கட்டும். மிச்சத்தை மெலேசியோ வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். ரூஃபினாவிடம் என்ன சொல்வது என்பது தனி.

"டான் யாப், கையக் காட்டுங்க," என்றாள் தொமித்திலா.

யாப் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இரண்டு உடைந்திருந்தன.

"எத்தனை மணிக்கு மண்வெட்டியத் தொட்டீங்க?"

"ஆறு," என்றார் யாப் பெருமையோடு.

"போட்டோ எடுத்தீங்களா?"

"இல்ல. போட்டோ வேண்டாம். வேலை."

தொமித்திலா நிக்காசியாவைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று முழுக்க அவர் குனிந்தது தன் வீட்டுக்கு என்பது நிக்காசியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவர் என் அடுப்புல சாப்பிடறவரு," என்றாள். "எங்க வீட்டுல செஞ்சது எங்க வீட்டு வேலை. அதுல ஐனி இல்ல."

"காலையில யாரோ கத்தினாங்களே," என்றாள் தொமித்திலா. "என் வீட்டு ஆளே இல்லன்னு. ஓடைக்கு அந்தப்பக்கம்வரைக்கும் கேட்டுச்சாம்."

"சரி. வேலை அடுப்புக்குத்தான போகும்? அவரோட அடுப்பு என் அடுப்பு. நாளைக்கு என் அடுப்புக்கு நானே வேலை செஞ்சுக்கறேன். தீர்ந்துச்சா?"

இலாரியோ யோசித்தான். தொப்பியைச் சரிசெய்தான். நிக்காசியாவுக்கு அந்தத் தொப்பியை எடுத்து அடுப்பில் போட வேண்டும்போல் இருந்தது.

"தனக்குத் தானே ஐனி செய்யறவ எங்கயாவது உண்டா, கொமாத்ரே? அது தினமும் செய்யற வேலைதான. அவருக்கு நேரா நீ ஏதாவது செஞ்சாகணும். அவர் கணவாயத் தாண்டறதுக்கு முன்னாடி."

"ஒரு நாள் முழுசா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"லாரி எட்டு மணிக்கு!"

"அப்ப சீக்கிரம் எழுந்திரு," என்றாள் தொமித்திலா.

அவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் போகவில்லை. அடுத்த வருடக் கிழங்கு அவர்களுக்கும் உண்டு. அது கறுக்குமா கறுக்காதா என்று தெரியாமல் எப்படிப் போவது?

எட்டு மீட்டர் கல்லின் மறுமுனையில் யாப் குந்தி உட்கார்ந்து நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நிதானமாக, முடிச்சு விழாமல். நிக்காசியா கல்லை ஒட்டியே நடந்து அவரிடம் போனாள். நடந்து முடிக்க இவ்வளவு நேரமாகும் அறை அவளுக்குத் தேவையே இல்லை. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். யாப் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"சொல்லுங்க, டான் யாப். நாளைக்கு லாரி வர்றதுக்குள்ள நான் உங்களுக்கு என்ன வேலை செஞ்சு குடுக்கணும்?"