வியாழக்கிழமைக் கருப்பட்டி

2025 ஜூன் 15, ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்.

பிழை ஒன்று. இன்ஃபுளுவென்சா குறிப்பின் இரண்டாம் வரியில் ‘காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து பிறருக்குத் தொற்றும்’ என்று எழுதியிருக்கிறேன், அது தவறு, காய்ச்சலுக்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும், புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது, எப்படி விட்டேன்... மாலை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் வாசிக்க வேண்டிய குறிப்பு. ஒரு வரிதானே என்று காலையில் திருத்த உட்கார்ந்தவள் பேனையைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன், ஏனென்றால் எனக்குக் காய்ச்சல் வந்தது வெள்ளிக்கிழமை காலையில், அதற்கு ஒரு நாள் முன்பு வியாழன், வியாழன் மாலை வகுப்பு, வகுப்பில் என் பக்கத்தில் விஜயலெட்சுமி அக்கா, ஏழு மாத வயிறு. தெமோதரையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு பஸ் பிடித்து வருகிறவர். இடைவேளையில் பிளேன்டீ, உம்மா தந்துவிட்ட கித்துள் கருப்பட்டி ஒரே துண்டு, கல் மாதிரி, கையால் உடையவில்லை, தோளில் கிடந்த ஷோலின் நுனியில் சுற்றிக் கடித்துப் பாதியை அவருக்கு நீட்டினேன். “காக்காக்கடி கடிச்சா எச்சி இல்ல புள்ள, சாமிக்கே படைக்கலாம்” என்று சிரித்து வாயில் போட்டுக்கொண்டார். துணிக்கு மேலாகக் கடித்தால் சுத்தம் என்று சின்ன வயதிலிருந்து நானும் நம்பியிருக்கிறேன், சுகாதார உதவியாளர் படிப்புக்குப் போகிறவள்! கருப்பட்டியை விடு, ஒரே வாங்கில் உட்கார்ந்து தோளோடு தோள் ஒட்டி இரண்டு மணி நேரம், மழை என்று ஜன்னல்களையும் சாத்தியிருந்தோம்...

குறிப்பைத் திரும்பப் படித்தேன். 1918, இந்தக் காய்ச்சல் கப்பலில் கொழும்புக்கு, அங்கிருந்து ரயிலில் மலைக்கு, அப்போது பதுளைவரை ரயில் கிடையாது, தண்டவாளம் முடிந்த இடத்திலிருந்து அது மனிதர்களோடு நடந்தே வந்திருக்கும், எந்த லயத்து வீட்டில் யார் முதலில் இருமினார்கள்? அவரும் யாருக்காவது ஆசையாக எதையாவது பாதி கொடுத்திருப்பாரா? பிறகு 1957, 1968, 2009. கடைசியில் சிவப்பு மையில் ‘கர்ப்பிணிகளுக்கு ஆபத்து மிக அதிகம்’, அடிமட்டம் வைத்துக் கீழே கோடு, கோடு நேராக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அந்த வரியில் அக்காவின் முகத்தை ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கவில்லை. சொல்வதா, வேண்டாமா? வீணாகப் பயமுறுத்திவிட்டால்? “காய்ச்சலோட என்னத்த மகள் எழுதுறீங்க, படுங்களேன்” என்று உம்மா கதவுக்கு வெளியே நின்று சொன்னார். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்திருந்தேன். பிறகு அக்காவை அழைத்தேன், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“அதுக்குள்ள என்னையப் பாடையில ஏத்திட்டியா ஸில்மியா?” என்று அக்கா சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. “எனக்குப் புதன்கெழமையே தொண்ட கரகரன்னு இருந்துச்சு. நேத்திலேருந்து மேலு சுடுது. லயத்துப் படி ஏறுனா மூச்சு வாங்குது, ஏழு மாசத்துல வாங்கத்தானே செய்யும்?” செய்யுமா? வயிற்றாலா, நோயாலா? எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்பதையே சொன்னேன், தெரியாததால்தான் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றேன். “ஞாயித்துக்கெழமையிலயா? ஏசுவாங்க புள்ள.” “ரஜீவ் அண்ணன்கிட்ட போனக் குடுங்க அக்கா.” அவர் கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “சரிங்க, இந்தா கெளம்புறோம்” என்று மட்டும் சொன்னார். அப்புறம் மூன்று மணி நேரம், என் காய்ச்சல் எனக்கே மறந்துபோனது.

இரண்டு மணிக்கு அக்காவே பேசினார். “வார்டுல வச்சுக்கிட்டாங்க, மாத்திர குடுத்துட்டாங்க. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா நெஞ்சுல எறங்கியிருக்கும்னு டாக்டரம்மா நல்லா ஏசுனாங்க. புள்ள ஒதைக்குது, ஒன்னையத்தான்னு நெனைக்கிறேன்.” அல்ஹம்துலில்லாஹ். ஏசிய அந்த டாக்டரம்மாவுக்கு, ஒரு கேள்வியும் கேட்காமல் கிளம்பிய ரஜீவ் அண்ணனுக்கு, ஞாயிற்றுக்கிழமையிலும் தோட்டத்துக்குள் வந்த யாரோ ஒருவரின் த்ரீவீலுக்கு, இந்த இரண்டாம் வரிக்கும்கூட, எல்லாவற்றுக்கும் நன்றியாக இருக்கிறது, எழுதும்போது கண் கலங்குகிறது, காய்ச்சலாகவும் இருக்கலாம்... ஆனால் புதன்கிழமை, வியாழனுக்கு முந்திய நாள். அப்படியானால் என்னிடமிருந்து அவருக்குப் போகவில்லை, செவ்வாய்க்கிழமை வகுப்பிலேயே அவரிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கும், அல்லது இருவருக்கும் வேறு எங்கிருந்தாவது. இதைக் கண்டுபிடித்ததும் மனசு எவ்வளவு லேசானது! அந்த லேசுதான் இப்போது உறுத்துகிறது. என் குற்றம் என்று நினைத்ததால்தான் போனை எடுத்தேன். அவரிடமிருந்து வந்தது என்று காலையிலேயே தெரிந்திருந்தால் எடுத்திருப்பேனா, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருப்பேனா?

நாளை: காலை ஏழு மணிக்கு விஜி அக்காவுக்குப் போன், மூச்சு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அதன் பிறகு இரண்டாம் வரியைத் திருத்த வேண்டும்.