கடைசி மாத்திரை அட்டை

ஆவுடைத்தாயின் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்தப் பட்டாசு ஆலையில் யாரும் கிடையாது. சரம் பின்னிக்கொண்டே ஆளை உரித்துவிடுவாள். அதிகம் அகப்பட்டவர் போர்மேன் ஜெயச்சந்திரன்தான். மனிதர் அறை அறையாக நடந்து, "கதவ அடைக்காதீக, கதவ அடைக்காதீக" என்று நாளுக்கு நூறு தடவை சொல்வார். வேலை அறையில் கதவு அடைத்திருந்தால், ஒரு பொறி விழுந்தால்கூட ஓட வழியிருக்காது. அது ஆவுடைத்தாய்க்கும் தெரியும். தெரிந்தாலும் விடுவாளா? "இவரு வீட்டுல கதவே வைக்கல போல" என்பாள். அறையே சிரிக்கும்.

அப்படிப்பட்டவள் அன்று காலை சிவகாசியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் பேச்சற்று நின்றாள். 2006, தீபாவளிக்கு முந்தைய மாதம். தம்பி பாலகுரு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். அவன் மனைவி பொன்மணி ஆபரேஷன் ஆகி வேறோர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். முந்தின நாள் பிறந்த பெண் குழந்தைக்கு இப்போது அத்தைதான் எல்லாம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது குழந்தை. உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. காலில் கட்டியிருந்த கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் எழுபத்தொன்று என்று காட்டியது. தொண்ணூறுக்கு மேல் வர வேண்டுமாம்.

டாக்டர் நல்ல மனிதர், நிதானமாகச் சொன்னார். "வயித்துக்குள்ள இருக்கிறப்ப நுரையீரலுக்கு வேலை இல்லம்மா. அங்க போற ரத்தக்குழாயெல்லாம் சுருங்கியேதான் இருக்கும். பிறந்து மூச்சு இழுத்ததும் உடம்பே ஒரு துளி வாயுவ உண்டாக்கி அதையெல்லாம் விரிச்சு விடும். நைட்ரிக் ஆக்சைடுன்னு பேரு. இந்தப் பிள்ளைக்கு அது சரியா நடக்கல. ஆக்சிஜன் குறைஞ்சா அந்தக் குழாய் சுருங்கும். சுருங்கினா ஆக்சிஜன் இன்னும் குறையும். இப்ப அந்தச் சுழல்லதான் பிள்ளை மாட்டியிருக்கு."

"கதவ அடைச்சுக்கிட்டு உள்ள இருக்கா" என்றாள் ஆவுடைத்தாய் மெல்ல.

"அதேதான். அந்த வாயுவ சிலிண்டர்ல வச்சுக் குடுக்கிறது பெரிய ஊர்ல சில இடத்துலதான். அவ்வளவு தூரம் பிள்ளை தாங்காது. ஆனா ஒரு மாத்திரை இருக்கு. அந்த வாயு செய்யிற வேலை சீக்கிரம் கலைஞ்சு போகாமப் பாத்துக்கும். நான் கரைச்சுத் துளித்துளியாக் குடுத்துக்கிடுவேன். நீங்க வாங்கிட்டு மட்டும் வந்திருங்க." சீட்டை நீட்டிவிட்டுத் தயங்கினார். "ஆம்பளைக வேற காரியத்துக்குச் சாப்பிடுற மாத்திரை. கடையில சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்."

சிரிக்கத்தான் செய்தார்கள். முதல் நான்கு கடைகளிலும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்கள். தாலியறுத்துப் பத்து வருஷம் ஆனவள், ஊரையே கேலி பேசியவள், தலை குனிந்தே நடந்தாள். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த நீல நகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஐந்தாவது, பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நாகையாவின் கடை. நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் போர்மேன் ஜெயச்சந்திரன். இவளைக் கண்டதும் ஏதோ காகிதப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, சுவரிலிருந்த காலண்டரைக் கருத்தாகப் பார்க்கலானார்.

நாகையா சீட்டைப் படித்தார். "இது யாருக்குத்தா?"

"எந் தம்பி மகளுக்கு."

"வயசு?"

"நேத்துத்தான் பொறந்தா."

கடை முழுக்கச் சிரிப்பு. "டாக்டருக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் நாகையா.

ஆவுடைத்தாய்க்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "சிரிங்கய்யா, நல்லாச் சிரிங்க. பிள்ளை நீலம் பாரிச்சுக் கெடக்கு. மூச்சுப் போற எடத்துல ரத்தம் போக வழியில்ல. எங்க போர்மேன் தெனமும் கதவ அடைக்காதீகன்னு கத்துவாரே, அந்தக் கதவுதான் அதுக்கு நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கிடுச்சு. இந்த மாத்திரைதான் அதத் தொறக்குமாம்."

சிரிப்பு அடங்கிவிட்டது. நாகையா தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்கிடாதத்தா. இருந்தாக் குடுக்க மாட்டேனா? கடைசி அட்டை இப்பத்தான் போச்சு." சொல்லும்போதே அவர் கண் ஜெயச்சந்திரனின் சட்டைப் பைக்குப் போய், சட்டென்று திரும்பியது.

ஆவுடைத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். வேறொரு நாளாக இருந்தால் ஒரு வருஷத்துக்குத் தாங்கும் சங்கதி. இன்று அவள் வாயே திறக்கவில்லை. போர்மேனைக் கையெடுத்துக் கும்பிடப் போனாள்.

அதற்குள் ஜெயச்சந்திரன் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். முகமெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. பின்னால் ஒருவன் களுக்கென்றான்.

"அட, முந்தியே வாங்கிட்டீகளா அண்ணாச்சி?" ஆவுடைத்தாய் சத்தமாகக் கேட்டாள். "காலையில பஸ் ஸ்டாண்டுல வச்சு நாந்தான சொன்னேன், கெடைச்சா வாங்கி வைங்கன்னு. கூறுகெட்டவ, மறந்துட்டு ஊரெல்லாம் அலையுறேன்!"

நாகையா லேசுப்பட்டவரா? "அதான் அவசரமா வந்து கேட்டாரா!" என்றார். களுக்கென்றவன் வாயை மூடிக்கொண்டான்.

ஜெயச்சந்திரன் வெளியே போய்த் தன் வண்டியைக் கிளப்பினார். அவள் பொட்டலத்தோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, குழாய் வழியே கொடுத்தார்கள். ஆவுடைத்தாய் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த எண்ணையே பார்த்தாள். மதியம் எழுபத்து நான்கு. பொழுது சாய்கையில் எண்பத்திரண்டு. மறுநாள் காலை தொண்ணூற்றொன்று. நகம் ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பத்தாம் நாள் வேலைக்குப் போனாள். சங்கதி அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. "ஏக்கா, போர்மேன் மருந்துக் கடையில என்னமோ வாங்கினாராம்ல?" என்று ஆரம்பித்தாள் கூட வேலை பார்க்கும் குருவம்மாள். சரம் பின்னிய கைகள் எல்லாம் நின்றன. எல்லாரும் சிரிக்கத் தயாராக ஆவுடைத்தாயைப் பார்த்தார்கள்.

"எங்க பிள்ளைக்கு மருந்து வாங்கினாரு" என்றாள் அவள். "அவரு அதக் குடுக்கலைன்னா இன்னிக்குப் பிள்ளை இல்ல." சரத்தை எடுத்துப் பின்னத் தொடங்கினாள்.

வெளியே, இரண்டு அறை தள்ளி, "கதவ அடைக்காதீக" என்ற சத்தம் கேட்டது. காற்றுக்குப் பாதி சாத்தியிருந்த கதவை எழுந்து போய் முழுக்கத் திறந்து, ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள் ஆவுடைத்தாய்.