முப்பத்தொன்றாவது வரி

முருகையன் பெரியப்பா மணையிலிருந்து சாய்ந்தபோது மணி ஒன்பது ஐந்து. அந்த நேரத்திலும் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். பார்த்து மனத்தில் குறித்தும் வைத்திருக்கிறேன். எதையும் நேரம் போட்டு எழுதுவது என் வழக்கம். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வரிசை தவறினால் எல்லாவற்றையும் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடத்திக்கொடுக்கும் ஒரு சின்ன மண்டபத்தில் வேலை பார்க்கிறேன். முதலாளி பெயர் நடராசன். வருகிறவர்களின் பெயர், நட்சத்திரம், எத்தனை இலை, எந்த நேரம் என்று நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு ஜோடி எழுந்ததும் அடுத்த ஜோடியை மணையில் உட்காரவைக்க வேண்டும். ஹோமகுண்டம் ஒன்றுதான். விசேஷ நாளில் நான்கைந்து ஜோடி வரும் என்பதால் நேரம் பிசகக் கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சாயங்காலம் செம்பனார்கோயிலில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். போன திங்கட்கிழமை ஸ்ரீவித்யா மிஸ் ‘அட்ஜஸ்ட்’ என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். ஆங்கிலத்தில் நாற்காலியை அட்ஜஸ்ட் செய்வார்கள், வண்டிக் கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்வார்கள், இருட்டில் நுழைந்தால் கண் அதற்குத் தன்னை அட்ஜஸ்ட் செய்துகொள்ளும் என்றார். எதை, எதற்கு ஏற்ப என்று ஏதாவது ஒன்று அங்கே சொல்லப்பட்டிருக்கும். நாமோ ஆளின் முகத்தைப் பார்த்து, ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எதை என்று நாமும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

கூத்தாநல்லூரிலிருந்து வந்து இங்கே செல்போன் கடையில் வேலை செய்யும் ஷஹ்பாஸ், “மூணு பேர் சீட்டுல நாலாவது ஆள் உக்கார்றாரு பாருங்க மிஸ், அதாங்க அர்த்தம்” என்றான். வகுப்பே சிரித்தது. ஒரு வாரம் காதில் விழும் ஒவ்வொரு அட்ஜஸ்ட்டையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார் மிஸ். யார் சொன்னது, யாரிடம், எதற்காக. நான் அளவுகோல் வைத்து மூன்று கட்டம் போட்டேன்.

சனிக்கிழமைக்குள் முப்பது வரி சேர்ந்துவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் சொன்னது. சட்னி தீர்ந்துபோய் சமையல்காரர் சொன்னது. மைக் செட்காரர், பூக்காரம்மா, எங்கள் அம்மா. எண்ணிப் பார்த்தால் முப்பதில் பதினேழு நானே சொன்னவை. அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

முருகையன் பெரியப்பா இதற்கு மூன்று வாரம் முன்பு மனைவி காத்தாயியோடு முன்பதிவு செய்ய வந்தார். ஆக்கூர்ப் பக்கத்துக் கிராமம். நாற்பது வருடம் அடுத்தவர் வயலில் வேலை செய்துவிட்டு, இப்போது குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைக்கிறார். மகன் வளவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவன்தான் பிடிவாதமாக இதைச் செய்துபார்க்க ஆசைப்பட்டானாம். தங்கள் தெருவில் இதுவரை யாரும் செய்ததில்லை என்று பெரியப்பா சொன்னார். காத்தாயி பெரியம்மா, “இந்த வயசுல மாலையும் கழுத்துமா நிக்கணுமாம். எவன் பாக்கப் போறான்” என்றார். ஆனால் புடவை அரக்கா பச்சையா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார்.

என் ஊரைக் கேட்டார் பெரியப்பா. சொன்னேன். பெரியம்மாவின் அக்காவை அங்கேதான் கொடுத்திருக்கிறார்களாம். “அப்ப நீ எனக்கு மவ முறை பாப்பா” என்றார். அன்றிலிருந்து அவர் எனக்குப் பெரியப்பா ஆனார்.

போகும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். அவருக்குச் சர்க்கரை. காலை ஊசி போட்டுக்கொண்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். தாலி கட்டும்வரை விரதம் என்பதால் முதல் நேரமாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார். ஆறரை மணி கொடுத்தேன். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். பெரியம்மா அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு விசேஷ நாளுக்கும் முதல் நாள் நோட்டைப் பார்த்து ஒரு தனித் தாளில் பெயரும் நேரமும் மட்டும் எடுத்து எழுதிச் சுவரில் ஒட்டுவேன். தாளில் குறிப்புக்கு இடம் இருக்காது. இது நானே கண்டுபிடித்த முறை. முதலாளி பாராட்டிய முறை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்கு ஒரு வேன் வந்து நின்றது. எட்டு மணிக்குப் பதிந்திருந்த வெங்கட்ராகவன் சார் குடும்பம். பெங்களூரில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் இந்தப் பக்கம்தான். அவர் மகள் ஹம்சத்வனி என்னிடம் வந்து, தம்பி சிங்கப்பூர் திரும்ப வேண்டிய விமானத்தின் நேரத்தை முன்னால் மாற்றிவிட்டார்கள், திருச்சிக்கு எட்டு மணிக்காவது கிளம்ப வேண்டும், ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். கெஞ்சவில்லை. அதிகாரமும் செய்யவில்லை. வழி உண்டா என்றுதான் கேட்டார்.

முதலாளி தூரத்திலிருந்தே, “ஆறரை யாரு? பேசி மாத்தி விடும்மா” என்றார்.

சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். ஆறரை, முருகையன். அந்தப் பெயரைப் பார்த்ததும் மனம் லேசானது. இதை மறைக்காமல் எழுத வேண்டும். வேறு யாராவது இருந்தால் தயங்கியிருப்பேன். நம்ம பெரியப்பாதானே என்று நினைத்தேன்.

அவர் புது வேட்டியில் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியம்மா, அரக்குப் புடவையில்.

“பெரியப்பா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறீங்களா? அவங்களுக்கு ஃப்ளைட்டாம்.”

பெரியம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெரியப்பா அவர் கையின்மேல் கையை வைத்தார். “அதுக்கென்ன பாப்பா. நாம இங்கன இருக்கற ஆளுங்க. நமக்கு என்ன ப்ளைட்டா காத்துக்கிட்டு நிக்கிது” என்று சிரித்தார். பெரியம்மா வாயை மூடிக்கொண்டார்.

நான் உள்ளே போனதும் முதல் வேலையாக வகுப்பு நோட்டில் எழுதினேன். முப்பத்தொன்று. சொன்னது நான். யாரிடம், முருகையன். எதற்காக, விமானம்.

எட்டுக்கு முடிய வேண்டியது எட்டரைக்கு முடிந்தது. புகைப்படக்காரர் மாலை மாற்றுவதை மூன்று தடவை எடுத்தார். பெரியப்பாவும் பெரியம்மாவும் மணையில் உட்கார்ந்தபோது எட்டு நாற்பது. பெரியப்பாவுக்கு நிறைய வியர்த்தது. ஹோமப் புகையில் எல்லாருக்கும்தான் வியர்த்திருந்தது. சாஸ்திரிகள் கேட்டதற்கு அவர் வேறு ஏதோ பதில் சொன்னார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று யாரோ கேலி செய்தார்கள். சல்லடை பிடித்துக் கலசத் தண்ணீரை ஊற்றத் தொடங்கினார்கள். இரண்டாவது செம்பில் அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். கண் திறந்திருந்தது. பார்வை இல்லை.

“ஊசி போட்டிருக்காரு. ஒண்ணும் திங்கல” என்றார் பெரியம்மா. கத்தவில்லை. எனக்கு மட்டும் சொன்னதுபோல் இருந்தது.

ஊசி என்ற சொல் காதில் விழுந்த அந்த நொடியில் நோட்டின் பக்கம் அப்படியே கண்முன் வந்தது. நீல மையில் என் எழுத்து, அதன் கீழே கோடு. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பெரியம்மாதான் அபிஷேகத்துக்கு வைத்திருந்த தேனை விரலில் எடுத்து அவர் கன்னத்தின் உள்ளே தடவிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம். அதையும் நான் எண்ணியிருக்கிறேன். தாலி தேங்காய்த் தட்டிலேயே கிடந்தது.

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே மயிலாடுதுறை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் ஹம்சத்வனி போனில் அழைத்தார். புகைப்படக்காரர் சொல்லியிருக்கிறார். “முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா தம்பியை மட்டும் முன்னாடி அனுப்பிட்டு நாங்க எட்டு மணிக்கே உக்காந்திருப்போமே. நீங்க ஏன் சொல்லல?” என்று கேட்டார். முடியாது என்ற சொல் என் நாக்கில் வரவே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மதியம் பெரியப்பாவுக்கு நன்றாக நினைவு திரும்பியது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக வளவன் சொன்னான். முதலாளி ஆப்பிள் பையோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஊசி விஷயத்தை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் விடுவோமா, இப்படி மறைக்கலாமா என்று வருத்தமாகக் கேட்டார்.

வளவன் அப்பாவின் பக்கம் திரும்பினான். “சொன்னீங்களா இல்லியாப்பா?”

பெரியப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

“இல்லடா. கூச்சமா இருந்துச்சு. சொல்லல.”

காலையில் அவர் விழுந்ததைவிட இதுதான் என்னை உலுக்கியது. பெரியம்மா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். காலையில் படியில் பார்த்த அதே வாய். வளவன் அப்பாவைத் திட்டத் தொடங்கினான். “வாய்க்கா தண்ணியிலேந்து எல்லாத்தையும் அடுத்தவனுக்கு விட்டுக் குடுத்துட்டு நிக்கறது. இப்ப உசுரயும் குடுக்கப் பாத்தீங்க.” பெரியப்பா கேட்டுக்கொண்டு கிடந்தார். முதலாளி முகத்தில் நிம்மதி தெரிந்தது.

என் பையில் மண்டபத்து நோட்டு இருந்தது. அதைக் கொண்டுவந்தது எதற்கு என்று எனக்கே தெரியாது. ஒருவேளை கிழித்துப் போடத்தான் எடுத்து வந்தேனோ என்றுகூடத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் எடுத்தேன். பக்கத்தைத் திருப்பி வளவனிடம் கொடுத்தேன்.

அவன் இரண்டு முறை படித்தான். பிறகு சத்தமாகப் படித்தான். “சர்க்கரை ஊசி. எட்டுக்குள் சாப்பிட்டாக வேண்டும். முதல் நேரம் மட்டுமே.” நிமிர்ந்து, “இது ஒங்க எழுத்தா?” என்றான்.

“ஆமாண்ணே. அவங்க சொன்னாங்க. நான்தான் பாக்காம மாத்திட்டேன்.”

முதலாளி ஆப்பிள் பையை ஸ்டூலில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. வளவன் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் நோட்டைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்து நின்றான். பெரியப்பாவுக்குத்தான் கோபம் வந்தது.

“ஒன்ன யாரு பாப்பா கேட்டா? வேல போயிடும். ஒங்கப்பன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“நீ சும்மா கெடய்யா” என்றார் காத்தாயி பெரியம்மா. அன்று முழுக்க அவர் இவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. “அவரு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். கோடு போட்டதயும் பாத்தேன்.” பிறகு என்னிடம் திரும்பினார். “காலையில நான் பேச வாயத் தொறந்தேன். நீ பாத்தியா இல்லியா?”

“பாத்தேன் பெரியம்மா.”

“பாத்துட்டுத்தான் உள்ள போன.”

“ஆமா பெரியம்மா.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். மன்னித்ததாகவும் தெரியவில்லை, சபித்ததாகவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இதே நட்சத்திரம் மறுபடி எப்போது வரும் என்று கேட்டார். இருபத்தேழு நாளில் வரும் என்றேன்.

“அன்னிக்கு மொத நேரம். நீ அங்க வேல பாத்தாலும் சரி, வேற எங்க பாத்தாலும் சரி. எவன் ப்ளைட்டப் புடிக்கணும்னு வந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன். எழுது.”

வளவன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். வழக்கம்போல ‘முருகையன்’ என்று தொடங்கினேன். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. விரலை நீட்டி அந்த எழுத்தின்மேல் வைத்தார்.

“அவரு பேர எழுதினா நாளைக்கே விட்டுக் குடுத்துருவாரு. என் பேர எழுது.”