'கன்வேயர்' பாட்டின் ஒன்பதாவது நிமிடம்

அந்த விமர்சனத்தை வசந்தகுமார் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துதான் படித்தான். பெங்களூர்க்காரர்கள் நடத்தும் ஓர் இசை இணையதளத்தில், வசந்தகுமாரின் குழு ஒரு கச்சேரியில் நேரடியாகப் பதிவு செய்த லைவ் ஆல்பத்தைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள். ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நாலு பேர் 'ஊதாப் புழுதி' என்று பெயர் வைத்துக்கொண்டு சைக்கடெலிக் ராக் வாசிப்பது அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். கடைசிப் பத்தி இப்படி முடிந்தது: "பதினாலு நிமிடம் ஓடும் 'கன்வேயர்' பாட்டில், ஒன்பதாவது நிமிடத்தில் கிதார்கள் எதிரொலியில் கரைந்துபோகின்றன. பேஸ் கிதார் மட்டும் தனியாக நடக்கிறது. மகாராஜா என்ற இந்தக் கலைஞனை மறக்க முடியாது."

அந்த ஒன்பதாவது நிமிடத்தில் வாசித்தது மகாராஜா இல்லை. வசந்தகுமாரே.

மண்ணூர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கச்சேரி நடந்தது. தென்றல் பாடினாள், லோகேஷ் டிரம்ஸ், வசந்தகுமார் கிதார். ஒலிப்பதிவும் அவன் பொறுப்பு. பேஸ் வாசித்த மகாராஜா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். அன்றைக்குக் கம்பெனியில் ஆள் இல்லையென்று அவனை இரண்டு ஷிப்ட் தொடர்ந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். நேராக உற்பத்தி லைனிலிருந்து மேடைக்கு வந்தான். 'கன்வேயர்' நடுவில் அவன் விரல்கள் நின்றுவிட்டன. தடுமாறி, திரும்பப் பிடித்து, எப்படியோ முடித்தான். தூக்கக் கலக்கத்தில் எப்படி வாசித்தோம் என்பதே பிறகு அவனுக்குச் சரியாக நினைவில்லை.

வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது வசந்தகுமாருக்குப் பொறுக்கவில்லை. பேஸ் தனித் தடத்தில் பதிவாகியிருந்தது. மகாராஜா தடுமாறிய இரண்டு நிமிடத்தைத் தானே வாசித்து ஒட்டிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

விமர்சனம் வந்த அன்றே மகாராஜா போன் செய்தான். "அண்ணே, அந்த விமர்சனத்த அம்மைக்கு போன்ல வாசிச்சுக் காட்டினேன். என் பேரு போட்டிருக்கான்னு நம்பவே மாட்டேங்கா."

"சூப்பர்டா," என்றான் வசந்தகுமார். நடந்ததைச் சொல்லாமலே போனை வைத்தான்.

ஆல்பம் பரவியது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அவர்களை அழைத்தது. ஒத்திகைக்காக லோகேஷ் வீட்டு மாடியில் கூடினார்கள். ஒன்பதாவது நிமிடம் வந்ததும் மகாராஜா திணறினான். நாலு தடவை முயன்றான். பிறகு வலது கையை விரித்து விரித்துப் பார்த்தான்.

"அன்னைக்கு வாசிச்சேன்லா, இன்னைக்கு ஏன் வரமாட்டேங்கு?"

அடுத்த வாரம், மகாராஜா குன்றத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததாகத் தென்றல் சொன்னாள். "மிஷினு அதிர்வுல நரம்பு போயிடுச்சோன்னு பயந்துகினு கீறான். ராத்திரில்லாம் தூங்கறதில்லயாம். வேலைய வுட்டுட்டு ஊருக்கே பூடலாமான்னு கேக்கறான்."

வசந்தகுமார் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவும்? அவன்கிட்ட போய்ச் சொல்லு," என்றாள்.

மகாராஜா மண்ணூரில் மூன்று பேரோடு ஒரு வாடகை அறையில் இருந்தான். வசந்தகுமார் போனபோது மற்றவர்கள் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். சுடுதண்ணீர் வாளியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மகாராஜா.

"மகா, அத்த நீ வாசிக்கல. நான்தான் வூட்ல வாசிச்சுப் போட்டேன்."

மகாராஜா நிமிர்ந்தான். "அப்போ கைக்கு ஒண்ணும் இல்லையாண்ணே?"

"ஒண்ணும் இல்லடா."

அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதைப் பார்ப்பதைவிடக் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருந்தால் தேவலை என்று வசந்தகுமாருக்குத் தோன்றியது. கோபம் மெதுவாகத்தான் வந்தது. மகாராஜா கையை வாளியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

"நான் வாசிச்சதப் போடுங்க. கேக்கணும்."

வசந்தகுமார் போனில் போட்டுக் காட்டினான். பேஸ் தடுக்கியது, நின்றது. லோகேஷ் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான். மண்டபத்தில் யாரோ "வுடாத மாப்ள!" என்று கத்தினார்கள். பிறகு கூட்டம் முழுவதும் தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கியது. அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு பேஸ் திரும்ப வந்தது.

"சனம் கை தட்டுனது எனக்கு நெனவு இருந்துச்சு. ஆல்பத்துல காணோமேன்னு நெனச்சேன். அதையுமா எடுத்துட்டீய?"

"ஒட்டு தெரியக் கூடாதுன்னு எடுத்தேன்."

"கேட்டிருந்தா நானே திரும்ப வாசிச்சுத் தந்திருப்பேனே. ஒரு வார்த்த கேக்கலையேண்ணே." அவன் குரல் உடைந்தது. "அம்மைகிட்ட இப்ப நான் என்னன்னு சொல்ல?"

அன்று மாலையே வசந்தகுமார் ஆல்பத்தில் மகாராஜா வாசித்த பழைய பதிவையே மாற்றி ஏற்றினான். நடந்ததை நாலு வரியில் கீழே எழுதி, தன் பெயரையும் போட்டான். 'மோசடி' என்று சிலர் திட்டினார்கள். அந்த இணையதளம் விமர்சனத்தை எடுத்துவிட்டது. கல்லூரி அழைப்பை ரத்து செய்தது. "இப்போதுதான் இது லைவ் ஆல்பம்" என்று யாரோ ஒருவர் எழுதியதைத் தென்றல் அனுப்பினாள். வசந்தகுமாருக்கு அது ஆறுதலாக இல்லை.

மகாராஜா லோகேஷ் வீட்டுக்கு வந்து தன் பேஸை எடுத்துக்கொண்டு போனான். வேலையை விடவில்லை, ஊருக்கும் போகவில்லை. ஒத்திகைக்கு மட்டும் வரவில்லை. இப்போதும் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால், "சாப்ட்டீயளாண்ணே?" என்று மரியாதையாகக் கேட்கிறான். ஷிப்டைப் பற்றிப் பேசுவான், வெயிலைப் பற்றிப் பேசுவான். பாட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 'இன்னும் வாசிக்கிறியா?' என்று கேட்க ஒவ்வொரு முறையும் வசந்தகுமாருக்கு வாய் வரை வரும். அதற்குள் பஸ் வந்துவிடும்.