படிக்காத முப்பத்தேழு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பார்த்தபோது முப்பத்தேழு சுழியமாகியிருந்தது.

பதினான்கு மாதமாக அந்த எண் அதே இடத்தில் நின்றது. வீட்டுச் சாமான்களைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்கிறவர்கள் கூடும் ஃபோரம் அது. ஒரு விஷயத்தை ஒருவர் தொடங்க, மற்றவர்கள் பதிவு மேல் பதிவாகப் பேசிக்கொண்டே போவார்கள். அதற்குத் திரி என்று பெயர். படிக்காத திரியின் தலைப்பு தடித்த எழுத்தில் நிற்கும். படித்துவிட்டால் மெலிந்துவிடும். அப்படிப் படிக்காமல் கிடப்பவை எத்தனை என்று மேல் மூலையில் ஒரு சிவப்பு வட்டம் சொல்லும்.

அந்த முப்பத்தேழும் அவன் மனைவி விட்டுப்போனவை.

கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பெயரே ‘இருவர்’ என்றுதான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் ஊரார் கட்டடங்களில் ஏறி இறங்கிவிட்டு வந்தால், வீட்டில் ஸ்க்ரூடிரைவரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஃபோரத்தை முதலில் அவள்தான் படிப்பாள். அவன் பார்த்தே ஆகவேண்டிய பதிவு ஏதாவது கண்ணில் பட்டால், அந்த இடத்திலிருந்து திரியை மறுபடியும் ‘படிக்காதது’ என்று குறித்து வைப்பாள். தலைப்பு தடித்துக்கொள்ளும். வாயால் சொன்னால் அவன் ‘அப்புறம்’ என்பான், தடித்த எழுத்திடம் அப்படிச் சொல்ல முடியாது என்பது அவள் கட்சி. அதனிடமும் அவன் முப்பத்தேழு முறை சொல்லியிருந்தான்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஒன்பதாம் நாளும் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகும் திரும்பவில்லை.

அவன் அவற்றைத் திறக்கவில்லை. திறந்தால் ஒன்று குறைந்துவிடும். எண்ணைப் பார்ப்பான், அந்தத் தலைப்புகளை ஊன்றிப் பார்க்க மாட்டான். எண் கலையக்கூடாது என்பதற்காக, மற்ற திரிகளில் எவர் புதிதாக எதை எழுதினாலும் அன்றைக்கே திறந்து கடைசிப் பதிவு வரை படித்து முடிப்பான். ஜெனரேட்டர் கார்புரேட்டரைப் பற்றி அவனுக்கு எந்த அக்கறையும் கிடையாது. ஆனாலும் அதில் இப்போது அவன் பரீட்சை எழுதலாம். சிவப்பு வட்டம் காலையில் நாற்பத்தைந்து ஆகும், மாலைக்குள் அதை முப்பத்தேழுக்கு இறக்கிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான்.

ஃபோரத்தை நடத்தியவருக்கு மேஸ்திரி என்று பெயர். அவரே வைத்துக்கொண்டது. பத்து நாளைக்கு முன்பே அவர் அறிவிப்புப் போட்டிருந்தார். பழைய மென்பொருள் மூச்சுவிடத் திணறுகிறது, ஞாயிறன்று புதியதற்கு மாறுகிறோம், படிக்காதவற்றின் எண்ணிக்கை அன்று எல்லோருக்கும் சுழியத்திலிருந்து தொடங்கும். அவன் படித்தான். தலைப்புகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான். ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்து எழுதலாம் என்றும் நினைத்தான். மேஸ்திரி விடியற்காலையில் எழுகிற மனிதர்.

அவனுக்குக் கை ஓடவில்லை. பட்டியலில் எப்போதும் தலைமாட்டில் நின்ற ஒன்று மட்டும் நினைவிருந்தது: ‘கதவுகள்’. அதைத் தேடித் திறந்து, எதையாவது பிடித்துவிடலாம் என்பது போல மேலும் கீழுமாகத் தள்ளினான். நானூறு பதிவுகள். அவளுடைய அடையாளம் எங்கும் இல்லை.

ஃபோரத்தில் அமளி. சொந்த வீட்டுக்குள்ளேயே வழி கேட்க வேண்டியிருக்கிறது என்று ஒருவர் எழுதினார். முடி வெட்டப் போன இடத்தில் காதையும் சேர்த்து வெட்டிவிட்டார் மேஸ்திரி என்றார் இன்னொருவர்.

மச்சினி மதியம் வந்தாள். அக்கா போன பிறகு ஞாயிறுதோறும் வருவாள். வந்ததும் சமையலறைக்குப் போய், ஒழுகும் குழாயின் கீழே இருக்கும் பாத்திரத்தைக் கொட்டிவிட்டு வைப்பாள். தனியான பிறகு அந்தக் குழாய்க்கு அவன் மூன்று தடவை வாஷர் மாற்றியிருந்தான். அது ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் மரியாதையாக இருந்துவிட்டு மறுபடி ஒழுகியது. அவன் பாத்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டான்.

நடந்ததைச் சொன்னான். அவள் கையில் பாத்திரத்தோடு திரும்பினாள்.

“பதினாலு மாசம் இருந்துச்சு அத்தான். ஒண்ணையாவது தொறந்து பாத்திருக்கலாம்ல. அக்கா என்ன, அதையெல்லாம் பூட்டி வைக்கவா சொன்னா?”

அவன் தட்டுகளை எடுத்து வைத்தான். சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்டுக்கு முன்னால் காவலாளி ஒரு ஸ்டூலைக் குறுக்கே போட்டு, யாரையும் அண்டவிடாமல் நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு மேலே மாடி எண் காட்டும் பலகை இருண்டு கிடந்தது. காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து இப்படித்தானாம்.

“எந்த மாடில நிக்குதுன்னு லிஃப்டுக்கே தெரியல சார்,” என்றார் அவர்.

“நமக்குத்தான் தெரியல. அதுக்குத் தெரியும்.”

வருடத்துக்கு இருபது தடவை அவன் சொல்கிற வாக்கியம் அது. பலகை வேறு, உள்ளே இருக்கும் கணக்கு வேறு. பலகை செத்தாலும் பெட்டி தன் இடத்தை மறக்காது. உள்ளே போய் நான்கை அழுத்தினான். லிஃப்ட் நான்காம் மாடியில் தரைக்குச் சமமாக, ஒரு நூல் பிசகாமல் போய் நின்றது. கதவு திறந்தது. மூடியது. திரும்பவும் திறந்தது. அவன் வெளியே வரவில்லை.

அங்கே நின்றபடியே மேஸ்திரிக்குச் செய்தி எழுதினான். தடித்த எழுத்து போய்விட்டது சரி. ஒவ்வொரு திரியிலும் நாங்கள் எந்தப் பதிவு வரை வந்தோம் என்ற இடம்? அதுவும் போய்விட்டதா, இல்லை உள்ளே எங்காவது இருக்கிறதா?

புதிய பலகையை மாட்டி முடிப்பதற்குள் பதில் வந்திருந்தது.

“மூணு நாளா எல்லாரும் திட்டுறாங்க, இதை ஒருத்தர் கேக்கல. இடம் அப்படியே இருக்கு, கொண்டு வந்திருக்கேன். தலைப்பைத் தொட்டா விட்ட இடத்துலதான் தொறக்கும். ஆனா ஒண்ணு. புதுசுல, கண்ணுக்கு முன்னால போற பதிவெல்லாம் படிச்சதாயிடும். விரலால தள்ளினா இடமும் நகர்ந்துடும். தொறந்ததும் நம்பரைக் குறிச்சுக்கிட்டு வெளிய வந்துடுங்க.”

அவனுக்கு ‘கதவுகள்’ நினைவுக்கு வந்தது. மேலும் கீழுமாகத் தள்ளிய அந்த விரலைப் பார்த்துக்கொண்டான்.

பட்டியலாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்டதற்கு மேஸ்திரி கையை விரித்துவிட்டார். வீடு மாறினவன் நானே என் சாமானைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். ஆனால் பட்டியல் தேவையில்லை என்பது அவனுக்கு அதற்குள் புரிந்துபோயிருந்தது. மற்ற எல்லாத் திரியையும் அவன்தான் அன்றன்றைக்குக் கடைசி வரை படித்து முடித்திருக்கிறானே. அவையெல்லாம் கடைசிப் பதிவில்தான் திறக்கும். எது நடுவில் திறக்கிறதோ அது அவளுடையது. எண்ணைக் காப்பாற்றுவதற்காகச் செய்த கிறுக்குத்தனம் சல்லடையாகிவிட்டது.

திரிகள் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். சனிக்கிழமை விடுப்புச் சொன்னான். மச்சினியை அழைத்தான். பதினான்கு மாதத்தில் அவனாக அழைத்தது அதுவே முதல் தடவை. அவள் பயந்துபோய் ஆட்டோ பிடித்து வந்தாள்.

மேசையின் ஒரு பக்கம் அவன், லேப்டாப்போடு. எதிரே அவள், போனோடு. இருவருக்கும் நடுவில் ஒரு நோட்டு. தலைப்பைத் தொடு, எங்கே திறக்கிறது பார், வெளியே வா. தும்மல் வந்தால் போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் தும்ம வேண்டும் என்று அவன் சட்டம் போட்டான். லிஃப்ட் கம்பெனியிலும் இப்படித்தான் ஆட்களை மிரட்டுகிறீர்களா என்று அவள் கேட்டாள்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. மிக்ஸி, கடைசி. இஸ்திரிப்பெட்டி, கடைசி. சைக்கிள் பிரேக், கடைசி. அவன் கணக்கில் எங்கோ ஓட்டை என்று தோன்ற ஆரம்பித்தது.

“அத்தான்,” என்றாள் மச்சினி. விரலை மேலே தூக்கி, சுட்டுக்கொண்டவள் போலப் பிடித்திருந்தாள். “ஜன்னல் கொக்கி. மொத்தம் தொண்ணூறு பதிவு. நாப்பத்தொண்ணுல நிக்குது.”

அவன் எழுந்து வந்து பார்த்தான். நாற்பத்தொன்றாம் பதிவு, சரியாக மூடாத ஜன்னலைப் பற்றியது. அவர்கள் படுக்கையறை ஜன்னல் நான்கு வருடமாகச் சரியாக மூடுவதில்லை. காகிதத்தை மடித்துச் செருகித்தான் மூடுவார்கள்.

பழைய தடித்த எழுத்து, திரியை மட்டும்தான் காட்டியது. தொண்ணூறு பதிவில் எதை என்று அவன்தான் தேட வேண்டும், அந்தச் சோம்பலிலேயே அவன் பாதியை விட்டிருப்பான். புதியது அவள் விரல் வைத்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. அவன் நோட்டில் எழுதினான்: ஜன்னல், 41. மச்சினி அடுத்த தலைப்பைத் தொட்டாள்.

அதன் பிறகு வரிசையாக விழுந்தன. அலமாரிச் சக்கரம், 17. மின்விசிறிச் சத்தம், 130. குளிர்சாதனப்பெட்டி ரப்பர், 66. எல்லாமே இந்த வீட்டில் ஒழுகுவது, ஆடுவது, கிறீச்சிடுவது. ஒரு காதல் வசனம் கிடையாது. அக்கா உங்களுக்கு வேலைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று மச்சினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். அவனும் சிரித்தான். அந்தச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு நோட்டில் முப்பத்தாறு வரிகள். முப்பத்தேழாவது ‘கதவுகள்’. அதன் இடத்தை அவனே அழித்துவிட்டான். அதற்கு எண் போடாமல் எழுதினான்.

முப்பத்தாறாவதாகக் கிடைத்தது ‘குழாய்கள்’, 212. வாஷரை மாற்றி மாற்றி அலுத்தவர்களுக்கு என்று தொடங்கியது பதிவு. கோளாறு வாஷரில் இல்லை, அது போய் உட்காரும் பித்தளை விளிம்பில். அங்கே பள்ளம் விழுந்திருக்கும். தேய்த்துச் சமமாக்குங்கள்.

தேய்ப்பவளுக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது. மூன்று வாஷர் மாற்றியவனுக்குப் படவில்லை.

மெயின் வால்வை மூடினான். குழாயின் தலையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான். விளிம்பில் நகம் இடறும் அளவுக்கு ஒரு பள்ளம். அவளுடைய மேசை இழுப்பறையை முதல் தடவையாகத் திறந்து, வழவழப்பான தேய்ப்புத்தாள் ஒன்றை எடுத்தான். விரல் நுனியில் சுற்றி, அவசரப்படாமல் வட்டமாகத் தேய்த்தான். பித்தளை மெல்ல மெல்லப் பளிச்சிட்டது. தலையை மாட்டி, வால்வைத் திறந்து, குழாயை மூடினான்.

இருவரும் குழாய்க்கு முன்னால் நின்றார்கள். நுனியில் ஒரு துளி திரண்டது. தொங்கியது. விழுந்தது. அடுத்தது வரவில்லை. ஐந்து நிமிஷம் நின்றார்கள், வரவில்லை. மச்சினி கீழே இருந்த பாத்திரத்தை எடுத்துக் கழுவித் துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். வீடு இத்தனை அமைதியாக இருக்குமா என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு ஃபோரத்தில் எழுதினான். விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாக விளக்கி, விரலைத் தள்ளாதீர்கள் என்று இரண்டு முறை எச்சரித்தான். அரை மணி நேரத்தில் அறுபது பேர் நன்றி சொன்னார்கள். என் காது திரும்பக் கிடைத்தது என்று எழுதினார் முடி வெட்டிக்கொண்டவர். மேஸ்திரி அதை எல்லோருக்கும் முதலில் தெரியும்படி மேலே குத்தி வைத்தார். அவன் குழாய்த் திரிக்குப் போய்க் கடைசியில் ஒரு வரி சேர்த்தான்: 212-ஆம் பதிவு பலித்தது, ஒழுகல் நின்றது. இருவர்.

மச்சினி தட்டு வைத்தாள். “அடுத்து என்ன அத்தான்?”

“கதவு.”

“அதுலதான் எந்தப் பதிவுன்னு தெரியாதே. நானூறு இருக்கு.”

“ஒண்ணாவதுலேருந்து ஆரம்பிச்சா, அவ சொன்னது நடுவுல வந்துதானே ஆகணும்.”

“சரி, சாப்பிட்டுட்டு அப்புறம் பாத்துக்கலாம்.”

அவன் ஸ்க்ரூடிரைவரோடு வாசல் கதவுக்குப் போய்விட்டிருந்தான்.